மூளை வரைபடமும் நியூரோஃபீட்பேக்கும்: மனச்சோர்வுக்கு இவற்றை நாடுவோர் செய்யும் தவறுகள்

‘பிரெய்ன் மேப்பிங்’ என்ற சொல்லை நம்மில் பலர் முதன்முதலில் படித்தது கொலை வழக்குச் செய்திகளில்தான். குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஒரு நிகழ்வைப் பற்றிய நினைவு இருக்கிறதா என்று மூளையின் மின்னலைகளைக் கொண்டு அறிய முயலும் அந்தச் சோதனையை, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாமல் நடத்தக் கூடாது என்று ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. மனநல மையங்களில் இப்போது அதே பெயரில் செய்யப்படுவது வேறொன்று. அது, தலைத்தோலில் மின்முனைகளை வைத்து மூளையின் மின்னலைகளை எடுக்கும் ஈ.ஈ.ஜி. பதிவைக் கணினியால் எண்களாக்கி வண்ணப் படமாகத் தரும் முறை. அதனால் நினைவையோ ரகசியத்தையோ படிக்க முடியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, மனத்தில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடுமோ என்று அஞ்சுவோர் இருக்கிறார்கள். அதே குழப்பத்தால், இந்தக் கருவி தன் துயரத்தின் காரணத்தைக் கண்டுபிடித்துவிடும் என்று அளவுக்கு மீறி நம்புவோரும் இருக்கிறார்கள். அச்சத்தைவிட இந்த நம்பிக்கையால் வரும் இழப்பே அதிகம் என்பது என் கருத்து.

இந்த வரைபடத்தோடு சேர்த்துத் தரப்படும் நியூரோஃபீட்பேக் என்ற பயிற்சியில் மூளைக்குள் மின்சாரம் செலுத்துவார்கள் என்ற எண்ணமும் தவறு. காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். சிகிச்சையும், மின்னதிர்வுச் சிகிச்சையும் தனி வகை. நியூரோஃபீட்பேக்கில் கருவி எதையும் உள்ளே அனுப்புவதில்லை. தலைத்தோலில் கிடைக்கும் மின்னலையை உடனுக்குடன் அளந்து, விரும்பிய அலை கூடும்போது திரையில் ஓடும் படத்தைத் தெளிவாக்கியோ ஓர் ஒலியை எழுப்பியோ காட்டும். அந்தக் குறிப்பைக் கொண்டு மூளை தன் போக்கைத் தானே மாற்றிக்கொள்ளப் பழகும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். இன்றைய வரைபடத்துக்குப் பெரும்பாலும் 19 மின்முனைகள் கொண்ட தொப்பியை மாட்டி, கண்ணை மூடிச் சில நிமிடங்களும் திறந்து சில நிமிடங்களும் பதிவு எடுக்கிறார்கள். வேகத்தைப் பொறுத்து டெல்டா, தீட்டா, ஆல்ஃபா, பீட்டா என்று அலைகளைப் பிரித்து, ஒவ்வோர் இடத்திலும் கிடைத்த அளவை, அதே வயதுடைய நலமானவர்களின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். அறிக்கையில் பச்சை இருந்தால் சராசரி என்றும், சிவப்பும் நீலமும் இருந்தால் சராசரியிலிருந்து விலகல் என்றும் பொதுவாகக் கொள்வது வழக்கம்.

இந்தச் சிவப்பைப் பார்த்ததும் ‘இதோ என் நோய்’ என்று முடிவுக்கு வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 19 இடங்களில் நான்கு வகை அலைகளை அளந்தால் 76 எண்கள் கிடைக்கும். நலமானவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரிடம் மட்டுமே காணப்படும் அளவை ‘விலகல்’ என்று கொண்டால், எந்தக் குறையும் இல்லாத ஒருவரிடம்கூடச் சராசரியாக ஏறக்குறைய நான்கு எண்கள் விலகலாகத் தெரியும். இரண்டிரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள தொடர்பையும் அளக்கும் அறிக்கைகளில் 171 இணைகள், நான்கு அலைகள் என எண்ணிக்கை 684 ஆகிவிடும். அவற்றில் தற்செயலாகவே முப்பதுக்கு மேல் வண்ணம் மாறித் தெரியலாம். அறிக்கையைத் தருபவர் இதைச் சொல்லாமல், சிவப்பின் மேல் விரலை வைத்து ‘உங்கள் கவலை இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது’ என்றால், அது விளக்கம் அல்ல, வியாபாரம்.

பதிவு எடுக்கும் முறையில் நேரும் பிழைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு வந்து உட்கார்ந்தால் மின்முனைக்கு இடும் பசை சரியாகப் பிடிக்காது. மின்முனைக்கும் தோலுக்கும் இடையே தடை கூடிவிடும். மூளையலை பெரும்பாலும் சில பத்து மைக்ரோவோல்ட் அளவே இருக்க, ஒருமுறை கண் சிமிட்டினால் நெற்றிப் பகுதியில் அதைப் போலப் பலமடங்கு அலை எழும். பல்லைக் கடிக்கச் சொல்லிப் பாருங்கள்: அதுவரை மெல்லிய கோடுகளாக ஓடிய திரை, காதோரப் பகுதிகளில் கிறுக்கியது போல் கறுத்துப்போகும். அந்தத் தசை அலை பீட்டா அளவோடு கலந்துவிட்டால், தாடை இறுகியிருந்த பதற்றக்காரர் ஒருவருக்கு ‘பீட்டா மிகை’ என்ற அறிக்கை வந்துவிடும். இரவு தூங்காமல் வந்தவருக்குத் தீட்டா கூடும். காபி குடித்தால் ஆல்ஃபா குறையும். தூக்கத்துக்காகத் தரப்படும் பென்சோடயசிபீன் வகை மாத்திரைகள் பீட்டாவை ஏற்றும். ஆகவே முந்தைய நாளே தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலோடு செல்ல வேண்டும். வண்ணப் படத்தை மட்டும் வாங்கி வராமல், கணக்கிடும் முன் அலைக்கோடுகளைக் கண்ணால் பார்த்துப் பிழையான பகுதிகளை நீக்கியது யார் என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குத் தடுமாறும் இடத்தில் பணம் கட்டத் தேவையில்லை.

மனச்சோர்வுக்கென்று ஒரு தனி அடையாளம் மூளையலையில் உண்டா என்ற தேடல் பழையது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரிச்சர்ட் டேவிட்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், மனச்சோர்வு உள்ளவர்களின் இடது முன்மூளையில் ஆல்ஃபா கூடுதலாக, அதாவது இயக்கம் குறைவாக இருப்பதாகக் கூறினர். அந்த இடது வலது வேறுபாட்டைச் சரிசெய்வதுதான் இன்றும் பல மையங்கள் மனச்சோர்வுக்குத் தரும் பயிற்சி. ஆனால் பல ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான பகுப்பாய்வு, நோயைக் கண்டறியும் அடையாளமாக இதைக் கொள்ள இயலாது என்றே முடிவு கண்டது. மனச்சோர்வைக் கண்டறிவது இன்னமும் நிதானமான உரையாடல்தான்: இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் எப்படி இருக்கிறது, தூக்கம், பசி, ஆர்வம், குற்றவுணர்வு எப்படி என்று விசாரிப்பதோடு, தைராய்டுக் குறைபாடும் இரத்தசோகையும் இல்லையா என்று பார்ப்பது. இந்த எளிய இரத்தப் பரிசோதனைகளைத் தவிர்த்துவிட்டு நேராகப் பல ஆயிரம் ரூபாய் செலவில் வரைபடம் எடுப்பது வரிசை தவறிய செயல்.

பயிற்சியால் பலன் உண்டா என்றால், ‘நிரூபிக்கப்பட்டது’ என்பதும் ‘முழு ஏமாற்று’ என்பதும் அவசரமான பதில்கள். சில சிறிய ஆய்வுகளில் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருக்கின்றன. ஆனால் பார்வைக்கு அதே போலிருந்தும் உரிய அலைக்கான குறிப்பைத் தராத போலிப் பயிற்சியோடு ஒப்பிடும்போதுதான் உண்மை வெளிப்படும். தூக்கமின்மைக்காக ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் நடந்து 2017இல் வெளியான ஆய்விலும், கவனக்குறைவுக் கோளாறுள்ள குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஆய்விலும், உண்மைப் பயிற்சி பெற்றவர்களைப் போலவே போலிப் பயிற்சி பெற்றவர்களும் முன்னேறினார்கள். வாரம் இரண்டு முறை வெளியே கிளம்புவது, அக்கறையோடு ஒருவர் பேசுவது, ‘நன்றாகச் செய்கிறீர்கள்’ என்று திரை சொல்வது ஆகியவை சோர்ந்த மனத்துக்குச் சிறிய உதவிகள் அல்ல. மனச்சோர்வுக்கு ஓரளவு வலுவான சான்று தந்த ஆய்வொன்று அமெரிக்காவின் டல்சாவில் நடந்தது, அதில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்து, இனிய நினைவுகளை மீட்டி, உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப் பகுதியான அமிக்டலாவின் இயக்கத்தை உயர்த்தப் பயின்றார்கள். அந்த முடிவைக் காட்டித் தெருமுனை மையத்தில் ஈ.ஈ.ஜி. பயிற்சி விற்பது பொருந்தாது.

ஆபத்தான தவறு, பயிற்சி தொடங்கிய நம்பிக்கையில் மருந்தை நிறுத்துவது. மனச்சோர்வுக்கான மாத்திரைகளைத் திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம்; அதைப் பயிற்சியின் விளைவு என்று தவறாகக் கொள்வதும் நடக்கும். சில வாரங்களுக்குப் பின் நோயே திரும்பலாம். மருந்தையோ உளவியல் சிகிச்சையையோ குறைப்பது மனநல மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டியது; நியூரோஃபீட்பேக் அவற்றோடு சேரும் துணை மட்டுமே. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இருபதாவது அமர்வு வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், அல்லது இந்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ அழைக்க வேண்டும்.

இருபது, நாற்பது அமர்வுகளுக்கான முழுத் தொகையை முதல் நாளே கட்டுவதையும் தவிர்க்கலாம். கருவியை இயக்கச் சில நாள் பயிற்சி பெற்றவர், மனநோயைக் கையாளத் தெரிந்தவர் ஆகிவிட மாட்டார். மனநல மருத்துவரோ முறையாகப் படித்த மருத்துவ உளவியலாளரோ பொறுப்பில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வீட்டில் மாட்டிக்கொள்ளும் நெற்றிப்பட்டைகள் அமைதியாக உட்காரப் பழகுவதற்கு உதவினால் நல்லதே. மனச்சோர்வுக்குச் சிகிச்சையாக அவற்றை எண்ண வேண்டாம்.

பயிற்சியின் பலனை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதையும் முதல் நாளே தீர்மானித்துக்கொள்வது நல்லது. மனச்சோர்வின் அளவை அறிய உதவும், ஒன்பது கேள்விகளும் அதிகபட்சம் 27 மதிப்பெண்ணும் கொண்ட பி.எச்.க்யூ.-9 படிவத்தைத் தொடக்கத்தில் ஒருமுறையும், பத்தாவது அமர்வில் ஒருமுறையும் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரைபடத்தில் சிவப்பு பச்சையாக மாறியிருந்தும், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருவதும் குளிக்கக்கூட மனம் வராததும் அப்படியே இருந்தால், பதினோராவது அமர்வுக்குப் போகாமல் அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.