பழைய ராணுவ ரைபிள் வாங்கும்போது

ரைபிளின் மரக்கட்டையின் பளபளப்பில் மயங்காதீர்கள். குறி பிசகாமல் சுடுவது குழலின் வேலை. தோட்டா இல்லை என்று உறுதி செய்து, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும். குழல்வாயை இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். பல ரைபிள்களில் துப்புரவுக் கம்பி முன்பக்கமாகவே நுழைந்ததால், அந்த விளிம்பு தேய்ந்திருக்கும். உள்ளே சொறிசொறியாகத் துரு இருந்தால், உப்புப் படியவிடும் பழைய தோட்டாக்களின் கைவரிசை அது.

என் விருப்பம் சுவிஸ் கே31, அடுத்து 6.5 மி.மீ. ஸ்வீடிஷ் மவுசர் எம்96. பின்னதன் கட்டையில் பதித்த வட்டத் தகட்டில் குழலின் நிலையே குறிக்கப்பட்டிருக்கும் (கட்டை மாறியிருந்தால் நம்ப முடியாது!). போல்ட்டில் பொறித்த எண் ரைபிளின் எண்ணோடு ஒத்துவராவிட்டால், சுடும் முன் துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் காட்டிவிடுங்கள்.