கோடைக்கால நீச்சல் அணி: கரையில் இருப்பவர்களுக்கான கையேடு

கோடைக்கால நீச்சல் அணிகளின் சீசன் பெரும்பாலும் 6 முதல் 8 வாரம்தான். அதற்குள் பிள்ளையை வேகமாக நீந்த வைப்பது கோச்சின் வேலை. ஆனால் சீசனைக் கெடுக்கும் விஷயங்களில் பாதிக்கு மேல் கரையில்தான் நடக்கின்றன: டைவ் அடித்ததும் கழன்றுபோகும் கண்ணாடி, நேரம் தப்பிய சாப்பாடு, பெயர் கூப்பிட்டபோது கழிப்பறையில் இருந்ததால் தவறிய ஹீட் (ஒரு போட்டியில் பலர் இருந்தால் பிரித்து நீந்த வைக்கும் சுற்று). அந்தப் பக்கத்தை வீட்டார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேரும் முன்

அணி வேறு, நீச்சல் வகுப்பு வேறு. அணிப் பயிற்சியில் ஒரு லேனில் (கயிறு கட்டிப் பிரித்த நீச்சல் தடத்தில்) ஐந்தாறு பிள்ளைகள் இருப்பார்கள். ஒவ்வொருவரையும் தாங்கிப் பிடித்து மிதக்கக் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. பல அணிகள் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: குளத்தின் ஒரு நீளத்தை, அதாவது 25 மீட்டர் அல்லது 25 கெஜத்தை, காலை ஊன்றாமலும் லேன் கயிற்றைப் பிடிக்காமலும் கடக்க வேண்டும். அழகாக நீந்த வேண்டும் என்பதில்லை.

பதிவுக்கு ஒரு மாதம் முன்பே, நீச்சல் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருக்க, மூன்றைச் சோதித்துப் பாருங்கள். மல்லாந்து 30 விநாடி மிதக்க முடிகிறதா? முகத்தை நீரில் வைத்து, பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்க வருகிறதா? கால் எட்டாத ஆழத்தில் குதித்து, தானாக மேலே வந்து, சுவருக்குத் திரும்ப முடிகிறதா? முதல் இரண்டில் தடுமாறினால் பரவாயில்லை, சீசனுக்குள் சரியாகிவிடும். மூன்றாவது வராத பிள்ளைக்கு முதலில் வகுப்புதான். "சின்னப் பிள்ளைதானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று அதை விட்டுக்கொடுக்கும் அணியைச் சந்தேகப்படுங்கள்.

பயிற்சி நேரத்தில் கோச் தவிர தனியாக ஓர் உயிர்காப்பாளர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். நீச்சல் பாணியைத் திருத்திக்கொண்டிருப்பவரால் எல்லாத் தலைகளையும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆஸ்துமா, வலிப்பு, காதுப் பிரச்சினை இருந்தால் எழுதிக் கொடுங்கள். இன்ஹேலர் காரில் அல்ல, குளத்தங்கரையில் இருக்க வேண்டும்.

வயதுப் பிரிவுகள் வழக்கமாக 8 வயது வரை, 9–10, 11–12, 13–14, 15–18 என்று போகும். வயதைக் கணக்கிட லீக் (அணிகள் சேர்ந்து போட்டி நடத்தும் அமைப்பு) ஒரு தேதியை வைத்திருக்கும். சீசன் நடுவே பிறந்தநாள் வந்தாலும் பிரிவு மாறாது.

வாங்க வேண்டியவை

கண்ணாடியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. முகத்துக்குப் பொருந்த வேண்டும். பட்டையை மாட்டாமல் கண்குழியில் மெல்ல அழுத்திக் கையை எடுங்கள். ஓரிரு விநாடி ஒட்டி நின்றால் அளவு சரி. உடனே விழுந்தால் அடுத்த மாடலைப் பாருங்கள். பொருந்தாத கண்ணாடியில் பட்டையை இறுக்கினால் கண்ணைச் சுற்றி வளையம் விழும், தண்ணீரும் நிற்காமல் வரும். மூக்குப்பாலம் மாற்றக்கூடியதாக இருந்தால் சிறு முகங்களுக்கு நல்லது. உட்புறத்தை விரலால் துடைத்தால் பனிப்படலத்தைத் தடுக்கும் பூச்சு போய்விடும். தண்ணீரில் அலசினால் போதும். ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். பட்டை அறுவது எப்போதும் போட்டி அன்றுதான்.

நீச்சலுடை உலர்ந்திருக்கும்போது கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், நனைந்ததும் தளரும். வளரும் பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினால் உடைக்குள் தண்ணீர் புகுந்து இழுக்கும். தினசரிப் பயிற்சிக்குப் பாலியெஸ்டர் துணி நெடுநாள் உழைக்கும். லைக்ரா கலந்தது குளோரினில் சீக்கிரம் தொய்ந்துவிடும். எதுவானாலும் வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள்.

தொப்பி முடியை ஒதுக்கி வைப்பதற்குத்தான், நனையாமல் காக்க அல்ல. எண்ணெய் தேய்த்த தலையில் அது நிற்காது. ஒருவர் தொப்பியை இன்னொருவர் போடவும் வேண்டாம், பேன் தொற்றலாம். கைத்துடுப்பு, கால்துடுப்பு எல்லாம் கோச் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சி நாட்கள்

முதல் வாரத்தில் பிள்ளைகளைத் திணறடிப்பது தூரம் அல்ல, லேன் ஒழுங்கு. வட்டமாக நீந்துவார்கள்: போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். முன்னால் போனவருக்கும் அடுத்தவருக்கும் 5 விநாடி இடைவெளி. முந்த வேண்டுமென்றால் முன்னால் போகிறவரின் பாதத்தை லேசாகத் தொட்டால் அவர் சுவரில் நின்று வழிவிடுவார். ஓய்வெடுப்பவர் சுவரின் நடுவில் நிற்காமல் மூலையில் ஒதுங்க வேண்டும். இதை வீட்டிலேயே சொல்லி அனுப்பினால் முதல் நாள் அழுகை பெரும்பாலும் இருக்காது.

அதிகாலைத் தண்ணீர் குளிரும். ஒல்லியான பிள்ளைகள் சீக்கிரம் நடுங்குவார்கள். உதடு நீலம் பாய்ந்தால் வெளியே கொண்டுவந்து, துண்டால் துவட்டி, உலர்ந்த உடை போடுங்கள்.

"யார் அதிக நேரம் மூச்சடக்குவது" என்ற விளையாட்டை அனுமதிக்கவே கூடாது. வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்கும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சுவிடும் உந்துதல் வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். சத்தமே இல்லாமல் நடக்கும் விபத்து அது. டைவ் அடிப்பதும் கோச் சொன்ன இடத்தில், சொன்ன பிறகு மட்டும்.

குளத்தில் இறங்கும் முன் ஒரு நிமிடக் குளியல் அவசியம். மூக்கைத் துளைக்கும் "குளோரின் வாடை" உண்மையில் குளோரினோடு வியர்வையும் சிறுநீரும் சேர்ந்து உண்டாகும் குளோரமினின் வாடை. கண் எரிச்சலுக்கும் அதுவே காரணம். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை அனுப்பவே வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமிகள் குளோரின் நீரிலும் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். நீந்தி முடித்ததும் தலையைச் சாய்த்துக் காதில் உள்ள நீரை வடியவிடுங்கள். பஞ்சுக் குச்சி விடாதீர்கள். காது மடலை இழுத்தால் வலிக்கிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

இடி கேட்டால் எல்லோரும் வெளியே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மீண்டும் தண்ணீர்.

போட்டி நாள்

மூன்று நான்கு மணி நேரம் காத்திருந்து சில நிமிடங்கள் நீந்துவதுதான் போட்டி. வர முடியாது என்றால் கெடுவுக்குள் சொல்லிவிடுங்கள். ரிலேயில் நான்கு பேர். ஒருவர் சொல்லாமல் வராவிட்டால் மற்ற மூவரும் நீந்த முடியாது. அணிக்குள் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கனமான சாப்பாடு போட்டிக்கு 2, 3 மணி நேரம் முன்பே முடியட்டும். இடையில் பழம், ரொட்டி என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், ஆகவே குடிநீர் கையில் இருக்கட்டும். பிள்ளைக்கு இரண்டு துண்டு, உட்கார நிழல், உலர்ந்த மேலாடை, அழியாத மை மார்க்கர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் பிள்ளையின் கையில் போட்டி எண், ஹீட், லேன் மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். 14 – 2 – 5 என்றால் பதினான்காவது போட்டி, இரண்டாம் ஹீட், ஐந்தாம் லேன். எழுதிக் காய்ந்த பிறகுதான் சன்ஸ்கிரீன். மாற்றிச் செய்தால் மை ஒட்டாது. புருவத்துக்கு மேலே சன்ஸ்கிரீன் அதிகம் வேண்டாம், கண்ணுக்குள் வழியும்.

தொடக்கத்தில் நடுவர் சிறு விசில்கள் ஊதினால் தயாராக வேண்டும். நீண்ட விசிலுக்கு மேடையேற வேண்டும். "டேக் யுவர் மார்க்ஸ்" என்றதும் குனிந்து அசையாமல் நின்று, ஒலி வந்ததும் பாய வேண்டும். பேக்ஸ்ட்ரோக்கில் (மல்லாந்து நீந்தும் பாணி) முதல் நீண்ட விசிலுக்குத் தண்ணீரில் இறங்கி, இரண்டாவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். டைவில் கண்ணாடி கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் பட்டை அல்ல. பாயும்போது தலை நிமிர்வதுதான். மோவாயை மார்போடு ஒட்டி, இரு மேற்கைகளுக்கு நடுவே தலையை வைத்தால் நிற்கும்.

சிறியவர்கள் அதிகம் டிஸ்குவாலிஃபை (தகுதி நீக்கம்) ஆவது இவற்றில்:

- பிரெஸ்ட்ஸ்ட்ரோக் (தவளை போல நீந்துவது), பட்டர்ஃப்ளையில் (இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்துவது) திரும்பும்போதோ முடிக்கும்போதோ ஒரு கையால் மட்டும் சுவரைத் தொடுவது
- பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் பாதங்களை வெளிப்பக்கம் திருப்பாமல் கத்தரி போல உதைப்பது
- பட்டர்ஃப்ளையில் கால்களை மாற்றி மாற்றி அடிப்பது
- பேக்ஸ்ட்ரோக்கில் சுவரைத் தொடும் முன்பே முடிக்கும்போது குப்புறத் திரும்பிவிடுவது

டிஸ்குவாலிஃபை ஆனால் நடுவரிடம் போய் நிற்காதீர்கள். காரணம் எழுதிய சீட்டு கோச்சுக்கு வரும், அடுத்த நாள் அதையே பயிற்சியாக்குவார்.

பெற்றோர் பலர் நேரம் குறிக்கும் வேலைக்கு அழைக்கப்படுவார்கள். ஸ்டாப்வாட்ச்சைத் தொடக்கக் கருவியின் வெளிச்சத்தைப் பார்த்து அழுத்துங்கள், ஒலியைக் கேட்டு அல்ல; ஒலி தாமதமாகத்தான் காதுக்கு வரும். முடியும்போது குளத்தின் விளிம்புக்குக் குனிந்து, உடலின் எந்தப் பகுதி சுவரைத் தொட்டாலும் நிறுத்துங்கள். ஒரு லேனுக்கு மூன்று கடிகாரம் இருந்தால் நடு நேரம் எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு இருந்தால் சராசரி.

வீட்டுக்கு வந்ததும் நேரங்களை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், குளத்தின் நீளத்தோடு சேர்த்து. 25 கெஜம் என்பது 22.86 மீட்டர்தான். கெஜக் குளத்தில் நீந்திய பிள்ளை அடுத்த வாரம் மீட்டர் குளத்தில் நீந்தினால் நேரம் ஓரிரு விநாடிக்கு மேல் கூடும். வேகம் குறைந்துவிட்டது என்று அதைத் திட்டக்கூடாது.