வேலூரிலிருந்து பழைய கார் கண்காட்சிக்கு: சாமான் பார்ப்பது, பேசுவது, வண்டி கொண்டுபோவது

பழைய கார் உதிரிபாகங்களை மைதானத்தில் விரித்துப்போட்டு ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளும் சந்தை வெளிநாடுகளில் உண்டு. நம் பக்கம் அப்படித் தனியாக ஒன்று கூடுவதில்லை. பொய்கையில் செவ்வாய்தோறும் மாட்டுக்குச் சந்தை கூடும், அம்பாசடர் கியர்பாக்ஸுக்குக் கூடாது. அதற்காகச் சாமான் கைமாறாமல் இல்லை. மூன்று இடத்தில் மாறுகிறது: கண்காட்சி மைதானத்தின் பின்பக்க வண்டி நிறுத்தத்தில், சென்னை புதுப்பேட்டையில், பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோடு ஞாயிற்றுக்கிழமைத் தரைக்கடைகளில்.

வேலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கிழக்கே சென்னை சுமார் 140 கிலோமீட்டர், மேற்கே பெங்களூரு சுமார் 210. இரண்டும் ஒரே நெடுஞ்சாலையில், ஒரே ரயில் பாதையில். கண்காட்சிக்கு மட்டும் போனால் போட்டோவோடு திரும்புவீர்கள். கடைத்தெருவையும் சேர்த்துப் போட்டால்தான் பயணச் செலவு கட்டும்.

கண்காட்சிகள் பெரும்பாலும் ஞாயிறு காலையில், வெயில் ஏறாத மாதங்களில் நடக்கும். சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப், பெங்களூரில் கர்நாடகா விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் ஆகியவற்றின் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். சென்னை நிகழ்ச்சி என்றால் சனிக்கிழமை காலையே காட்பாடியில் ரயில் ஏறிவிட வேண்டும், ஏனென்றால் ஞாயிறு அன்று புதுப்பேட்டையில் பல ஷட்டர்கள் இறங்கியிருக்கும். பெங்களூர் இதற்கு நேர்மாறு. அங்கே தரைக்கடை விரிப்பதே ஞாயிறுதான், அதுவும் விடியற்காலையில். சனி இரவே போய்த் தங்கி, முதலில் கடை, பிறகு கண்காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறியபின் போனால் நாலு பேர் பொறுக்கிப்போட்ட மிச்சம்தான் கிடைக்கும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

பழைய பாகம். தேய்ந்ததோ உடைந்ததோ, அதையே துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். “அம்பாசடர் மார்க் டூ வாட்டர் பம்ப்” என்று வாயால் சொன்னால் கடைக்காரர் கொடுப்பது எந்த மாடலுக்காகவும் இருக்கலாம். ஒரே பெயரில் ஓடிய வண்டியில் 1957 முதல் 2014 வரை எத்தனையோ மாற்றங்கள். கழற்ற முடியாத பாகமாக இருந்தால், பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து மூன்று கோணத்தில் படம் எடுத்து, போல்ட் துளைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

கருவிகள் ஒரு சின்னப் பையில் அடங்கும்: வெர்னியர், ஃபீலர் கேஜ் (இடுக்கு அளக்கும் மெல்லிய இலைகள்), திரெட் கேஜ் (மரை அளக்கும் சீப்பு), மல்டிமீட்டர், டார்ச், பிரிட்ஜில் ஒட்டுகிற சின்ன காந்தம், கொஞ்சம் வேஸ்ட் துணி. இதில் திரெட் கேஜை யாரும் எடுத்துப்போவதில்லை, பிறகு லேத் பட்டறையில் அழுவார்கள். அம்பாசடரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் பிரிட்டிஷ் வழி வந்தவை, மரை பெரும்பாலும் யு.என்.எஃப்., அதாவது அங்குலக் கணக்கு மரை. ஃபியட் வழி வந்த பத்மினியில் மெட்ரிக் மரை. இரண்டு சுற்று கையால் ஏறிவிட்டது, சரியாகத்தான் இருக்கும் என்று ஸ்பானர் போட்டுத் திருகினால் அலுமினிய ஹவுசிங்கில் மரை சிதைந்துபோகும்.

டயர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்பாசடர் 5.90-15, ஃபியட் 5.20-14, ஹெரால்டு 5.20-13. பளபளவென்று இருக்கும் பழைய டயரை யாராவது மலிவாகக் கொடுத்தால் பக்கச்சுவரை மடக்கிப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அது காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்குத்தான், ரோட்டுக்கு இல்லை.

சாமானைப் பார்க்கும் முறை

கார்புரேட்டரில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். எஸ்.யூ. கார்புரேட்டர் ஒன்று பெட்ரோலில் கழுவி வெள்ளியாக மின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மினுமினுப்பை விடுங்கள். த்ராட்டில் லிங்கேஜ் மாட்டும் ஸ்பிண்டிலை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் அந்த இடுக்கு வழியாகக் காற்று இழுக்கும். வண்டி ஸ்லோவில் நிற்காது, எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் ட்யூனிங் பிடிபடாது. அடுத்து மேலே உள்ள பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். ‘டொக்’ என்று கீழே போய் உட்கார வேண்டும். பாதியில் நின்றால் ஜெட் நடுவில் இல்லை, அல்லது ஊசி வளைந்திருக்கிறது. ஜெட்டைச் சரி செய்துவிடலாம். ஸ்பிண்டில் துளையே ஓவலாகியிருந்தால் புஷ் அடிக்க வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கிராங்க் வாங்கும்போது பளபளப்பையல்ல, ஜர்னலின், அதாவது பேரிங் உட்காரும் உருளைப் பகுதியின், விட்டத்தைப் பாருங்கள். பழைய கிராங்குகள் 10, 20, 30, 40 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று படிப்படியாகக் கடைந்து வந்திருக்கும். 40 வரை போய்விட்ட கிராங்குக்கு அடுத்த மெட்டல் (பேரிங்) தேடுவது பெரும் பாடு. ‘ஸ்டாண்டர்டு சைஸ்தான் சார்’ என்ற பேச்சை வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள். சிலிண்டர் ஹெட் என்றால் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக நிறுத்தி அடியில் ஃபீலர் விடவும். 0.1 மில்லிமீட்டர் இலை நுழைந்தால் ஃபேஸிங் போட்டு மட்டமாக்க வேண்டும். வால்வு சீட்டுகளுக்கு நடுவே டார்ச் அடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும். அங்கே வெடித்த ஹெட்டைச் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.

மின் சாமானில் முதலில் கேட்க வேண்டியது: உங்கள் வண்டி எந்த எர்த்? பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகள் பல பாஸிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் மாட்டியிருக்கும். பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். பாஸிட்டிவ் எர்த் வண்டியில் அப்படியே ஆல்டர்னேட்டர் மாட்டினால் டயோடு நொடியில் போய்விடும். பிளக்குகளுக்குக் கரெண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில், உள்பக்கம் பென்சில் கோடு போட்டதுபோல் கருப்பு இழை ஓடினால் அது கரெண்டு தாவிய தடம். துடைத்தால் போகாது, மூடியை வேறு பாருங்கள்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சென்னையில் 1960-களில் தயாரான வண்டி, ஆகவே நம் பக்கம் இன்னும் தென்படுகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் வெர்ட்டிக்கல் லிங்கின் அடிமுனை, ட்ரன்னியன் என்ற வெண்கலப் பாகத்துக்குள் மரையில் திரும்புகிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, 90 கியர் ஆயில். கிரீஸ் அடித்துவிட்டால் மரைக்குள் சரியாக இறங்காமல் நின்றுவிடும். உள்ளே ஈரம் புகுந்து துரு தின்னும், ஒரு நாள் திருப்பத்தில் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கும். பழைய லிங்க் கிடைத்தால் மரைக்கு மேலே உள்ள கழுத்தைத் துடைத்து, நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழிக்குழியாக நகம் மாட்டினால் வேண்டாம்.

பாடிக்குக் காந்தம். துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். சிராய்ப்பு விழாது, உரிமையாளரும் கோபிக்க மாட்டார். ஹெட்லைட்டைச் சுற்றி, கதவின் அடிவிளிம்பு, ஃபுட்போர்டு, சக்கர வளைவு. ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறது என்று அர்த்தம். அரை விரல்கடை அகலத்துக்குப் பட்டி வண்டிக்கு வண்டி இருக்கும், அதற்கு முகம் சுளிக்க வேண்டியதில்லை. கையகலத்துக்குக் காந்தம் வழுக்கினால் உள்ளே தகடே இல்லை.

பேரமும் பில்லும்

மாட்டுச்சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்குக் காரணம் உண்டு: பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது. கண்காட்சியிலும் அதே கதைதான். கூட்டத்தின் நடுவே “இது என்ன விலை” என்று கேட்டால் யாரும் இறங்கிவர மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வண்டிகள் கிளம்பும் முன், டிக்கி திறந்திருக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுங்கள். உங்களிடம் கூடுதலாக இருக்கும் சாமான் பட்டியலும் கையில் இருக்கட்டும். அபூர்வ சாமான் வைத்திருப்பவர்கள் காசுக்குத் தராததை மாற்றுக்குத் தருவார்கள். ஒரு ஜோடி டெயில் லேம்ப் கண்ணாடிக்கு ஒரு ஸ்பீடோமீட்டர் வந்த கதையெல்லாம் சாதாரணம்.

புதுப்பேட்டையில் முதல் கடையில் வாங்காதீர்கள். மூன்று கடையில் கேட்டுவிட்டுத் திரும்புங்கள். நம்பர் அடித்த பாகம், அதாவது எஞ்சின் பிளாக்கோ சேஸிஸோ, பில் இல்லாமல் வேண்டவே வேண்டாம். திருட்டு வண்டியில் கழற்றியதாக இருந்தால் சாமானும் போகும், ஸ்டேஷன் வாசலும் மிதிக்க வேண்டும். பிளாக் மாற்றினால் புது எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், அதற்கும் அந்த பில்தான் ஆதாரம். ரயிலில் கொண்டுவருவதானால் பெட்ரோல், ஆயிலைச் சுத்தமாக வடித்து, காயவைத்து, பிளாஸ்டிக்கில் கட்டுங்கள். தீப்பற்றும் பொருளை ரயிலில் ஏற்றக்கூடாது, பெட்ரோல் வாடை அடித்தாலே இறக்கிவிடுவார்கள்.

வண்டியே வாங்குவதானால்

விற்பவர் பெயரும் ஆர்.சி. பெயரும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். சேஸிஸ் எண்ணைப் பென்சில் தேய்த்துத் தாளில் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடவும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். சித்தூர் பக்கத்து வண்டியோ பெங்களூர் வண்டியோ என்றால் அங்கிருந்து 28-ம் படிவத்தில் தடையில்லாச் சான்று வாங்கிக்கொடுத்த பிறகுதான் முழுப் பணம். பழைய புத்தக ஆர்.சி. பல கணினியில் ஏறாமல் கிடக்கின்றன. அப்படியென்றால் பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றித்தரும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள்.

விண்டேஜ் என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. கார் ஆர்வலர்களின் பிரிட்டிஷ் வழக்கில் 1919 முதல் 1930 வரை வந்தவைதான் விண்டேஜ். நம் மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் சேர்த்த பிரிவுப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டி விண்டேஜ். அதற்கு ‘வி.ஏ.’ எழுத்து வரும் தனி எண், கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்த எண் வாங்கினால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரணங்களுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். ஞாயிறு மாலை குடும்பத்தோடு ஸ்ரீபுரம் போகவும் வண்டி வேண்டும் என்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வண்டியைக் கொண்டுபோவதானால்

நம் ஊர்த் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வீட்டில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் எஞ்சின் பிளாக்குக்குள்ளும் படிகிறது. உள்ளூரில் ஓடும்வரை தெரியாது. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் டெம்பரேச்சர் ஊசி சிவப்பைத் தொடும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்து, ஆர்.ஓ. தண்ணீரும் கூலன்டும் கலந்து நிரப்புங்கள். அதே போர் தண்ணீரில் காலையில் வண்டியைக் கழுவி வெயிலில் நிறுத்தினால் கருப்புப் பெயிண்டில் பொட்டுப் பொட்டாக வெள்ளைத் தடம். முந்தைய இரவு நிழலில் கழுவி, கடைசி வாளி மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுங்கள்.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய் ஊறிக் கொழகொழப்பாகிவிடும், டேங்கின் அடித் துருவும் கிளம்பும். எத்தனால் தாங்கும் குழாய் மாற்றி, இரண்டு ஃபில்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் எஞ்சின் திணறி நின்றால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டைத் தொடாதீர்கள். பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்திருக்கும். பம்ப்மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் தானே கிளம்பும்.

டிக்கியில் போக வேண்டியவை: ஃபேன் பெல்ட், பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டர், ஒரு காயில், ஹோஸ் கிளிப்புகள், 5 லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் ஆயில், பிரேக் ஆயில், இழுக்கும் கயிறு, தீயணைப்பான். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025. அட்டையில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், இருட்டில் நினைவு வராது.

விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கும் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்களுக்கும் முன்னால் போய்விடலாம். 50-60 வேகத்தில் இடது ஓரம். டிரம் பிரேக் வண்டிக்கு முன்னால் போகும் லாரியிடமிருந்து நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். சென்னைப் பக்கம் வாலாஜா, ஸ்ரீபெரும்புதூர், பெங்களூர்ப் பக்கம் பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று சுங்கச்சாவடிகள். பாஸ்டேக் இல்லாமல் போனால் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். பழைய வண்டிதானே விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஃபிளாட்பெட் லாரியில் வண்டியை ஏற்றுவதானால் பட்டையைச் சக்கரத்தில் கட்டச் சொல்லுங்கள். பம்பரில் கட்டினால் பம்பர் வளையும், ஆக்சிலில் அஜாக்கிரதையாகக் கட்டினால் பிரேக் குழாய் நசுங்கும்.

மைதானத்தில் நடுவர்கள் முதலில் தேடுவது பெயிண்ட் பளபளப்பை அல்ல, அசலை. ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்கிறதா, ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட் இருக்கிறதா, பிளஸ் தலை பிலிப்ஸ் ஸ்க்ரூ இருக்கக்கூடாத இடத்தில் இருக்கிறதா. அலாய் வீல், சன் ஃபிலிம், புது ஸ்டீரியோ எல்லாம் மதிப்பெண்ணைத் தின்னும். எஞ்சினுக்கு அடியில் ஒரு அட்டை போட்டு வையுங்கள். பிரிட்டிஷ் வழி எஞ்சின் ஒன்றிரண்டு சொட்டு விடாமல் இருக்காது, ஆனால் புல்வெளியில் விட்டால் அடுத்த வருடம் அந்த மைதானம் கிடைக்காது.

வாங்கிவந்த சாமானை அன்றிரவே பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் கழுவி, ஆயில் தடவி, எந்த வண்டிக்கு, என்ன அளவு, எங்கே வாங்கியது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். பில்லைத் தனியாக ஆர்.சி. கவரிலேயே போடுங்கள்.