மாடிப் பூங்காவுக்குப் போகும் முன்

சென்னையின் பழைய ஜெயில் ரோட்டில் இறங்கி 'கோட்டைமதில் எங்கே' என்று கேட்காதீர்கள். 'மாடிப் பூங்கா' என்று கேளுங்கள், சட்டென்று வழி சொல்வார்கள். பழைய நகர மதிலின் மேலேயே அமைந்த பூங்கா அது. நான் இந்தப் பக்கத்துக்காரன், பேரனோடு அடிக்கடி போவேன்.

காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் செங்கல் கொதிக்கும். நேரே மேலே ஏறிவிடாமல் முதலில் கீழே நின்று மதிலின் கனத்தைப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் விளிம்பு மழுங்கியிருக்கும்; தொட்டுப் பார்க்கலாம், சுரண்டக் கூடாது. என் பேரன் கரித்துண்டால் ஸ்டம்பு வரையப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

1758 டிசம்பரில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்துக்குள் (கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதி) புகுந்து, 1759 பிப்ரவரி வரை ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. 1769இல் மைசூரின் ஹைதர் அலியும் சென்னை வாசல்வரை வந்துவிட்டார். அந்தப் பயத்தில் எழுந்த மதிலில் மிஞ்சியது இதுதான். மேலே ஏறி வடக்கே பாருங்கள்: அன்று நகரத்தின் எல்லை இங்கேயே முடிந்தது. ராயபுரமெல்லாம் வெளியூர்!

அப்புறம், நேரமிருந்தால் வால்டாக்ஸ் ரோட்டில் சென்ட்ரல்வரை நடங்கள். மேற்கு மதில் ஓடிய வழி அது. மதில் போய்விட்டது, அதற்காகப் போட நினைத்த வரியின் பெயர் ('வால் டாக்ஸ்', அதாவது மதில் வரி) மட்டும் நிற்கிறது.