சுய்கா கேம்: தர்பூசணி வரை போவது எப்படி?

ஒரே வகைப் பழங்கள் இரண்டு தொட்டுக்கொண்டால் அவை சேர்ந்து அடுத்த பெரிய பழமாகும். சுய்கா கேம் என்ற வீடியோ விளையாட்டின் விதி அவ்வளவுதான். மேலே காத்திருக்கும் பழத்தை இடம் வலமாக நகர்த்திக் கீழே உள்ள பெட்டிக்குள் விழவிடுவது மட்டுமே நம் கையில் இருக்கிறது. பெட்டியின் வாயைத் தாண்டி ஒரு பழம் வெளியே வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. நேரக் கெடு எதுவும் கிடையாது. ஆகவே அவசரப்படுவதால் ஒரு லாபமும் இல்லை.

பாப்பின் அலாடின் என்ற ஜப்பானியப் புரொஜெக்டரில் பொழுதுபோக்காகச் சேர்க்கப்பட்ட விளையாட்டு இது. 2021 டிசம்பரில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியில் 240 யென்னுக்கு வந்தபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2023 செப்டம்பரில் ஜப்பானிய ஸ்ட்ரீமர்கள் இணைய நேரலையில் விளையாடிக் காட்டிய பிறகுதான் தீயாகப் பரவியது. இப்போது ஃபோனிலும் கிடைக்கிறது.

முதலில் வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள்: செர்ரி, ஸ்ட்ராபெர்ரி, திராட்சை, டெகோபான் (ஜப்பானிய ஆரஞ்சு வகை), பெர்சிமன் (பார்க்கத் தக்காளி போன்ற பழம்), ஆப்பிள், பேரிக்காய், பீச், அன்னாசி, முலாம்பழம், தர்பூசணி. மொத்தம் 11. இதில் டெகோபானும் பெர்சிமனும் புதியவர்களைக் குழப்பும். இரண்டுமே ஆரஞ்சு நிறச் சாயல், அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. டெகோபான் வெளிர் நிறம், கொஞ்சம் சிறியது. பெர்சிமன் அடர் நிறம். அவசரத்தில் ஒன்றின் மேல் இன்னொன்றைப் போட்டுவிட்டு ஏன் சேரவில்லை என்று விழிப்பவர்கள் நிறைய.

மேலிருந்து கைக்கு வருவது முதல் ஐந்து பழங்கள் மட்டுமே. ஆப்பிளும் அதற்கு மேலானவையும் சேர்த்துத்தான் கிடைக்கும். ஒரு தர்பூசணிக்கு வெறும் செர்ரியாகக் கணக்குப் போட்டால் 1024 வேண்டும். வெறும் பெர்சிமனாக வந்தால் 64 போதும். உண்மையில் நமக்குக் கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் ஒரு கலவை. மதிப்பெண்கள் 1, 3, 6, 10, 15, 21, 28, 36, 45, 55, 66 என்று ஏறும். இரண்டு செர்ரி சேர்ந்தால் 1, இரண்டு முலாம்பழம் சேர்ந்து தர்பூசணியானால் 55. இரண்டு தர்பூசணிகள் தொட்டுக்கொண்டால் 66 தந்துவிட்டு இரண்டுமே மறைந்துவிடும்.

மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பெரிய பழத்தின் பின்னாலேயே ஓடினால் சீக்கிரம் மாட்டிக்கொள்வீர்கள். ஆட்டம் தோற்பது பெரும்பாலும் சின்னப் பழங்களால்தான். இரண்டு ஆப்பிள்களுக்கு நடுவே, தரையை ஒட்டி இருக்கும் முக்கோண இடுக்கில் ஒரு செர்ரி விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஆப்பிள்களின் மேல் அடுத்து ஒரு பேரிக்காய் வந்து உட்காருகிறது. இனி இன்னொரு செர்ரி அங்கே போய்ச் சேர வழியே இல்லை. அந்தச் செர்ரி அடைக்கும் இடம் பெரிதல்ல. ஆனால் அது நடுவில் கிடப்பதால் இரண்டு ஆப்பிள்களும் கொஞ்சம் விலகி நிற்கும், ஒன்றையொன்று தொடாது. ஒரு செர்ரியால் 21 மதிப்பெண் மட்டுமல்ல, அதற்குமேல் வரவேண்டிய எல்லாமே நின்றுபோகும்.

இதற்கு மருந்து, தொடக்கத்திலிருந்தே அளவு வாரியாக அடுக்குவது. ஒரு பக்கச் சுவரைத் தேர்ந்தெடுங்கள், இடது என்று வைத்துக்கொள்வோம். மிகப் பெரிய பழம் எப்போதும் இடது மூலையில். அதை அடுத்து அதற்குக் கீழான அளவு, அப்படியே குறைந்துகொண்டே போய் வலது ஓரத்தில் செர்ரி, ஸ்ட்ராபெர்ரி. பெரியதை நடுவில் விட்டால் பெட்டி இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பேரிக்காய் இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமுமாக நின்று கடைசிவரை சேராது.

ஆட்டம் தொடங்கும்போது இதைக் கச்சிதமாகச் செய்ய முடியாது. முதல் பத்துப் பதினைந்து பழங்களைச் சும்மா சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு ஆப்பிளோ பேரிக்காயோ உருவானதும் அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தையே பெரிய பக்கமாக வைத்துக்கொள்ளலாம். இடதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

வரிசை அமைந்துவிட்டால் இந்த விளையாட்டின் ருசியே வேறு. தரையில் இடமிருந்து வலமாகப் பீச், பேரிக்காய், ஆப்பிள், பெர்சிமன் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கின்றன. கையில் ஒரு பெர்சிமன். அதைத் தரையிலுள்ள பெர்சிமனின் மேல், சற்றே இடப்பக்கமாக விடுங்கள். இரண்டும் சேர்ந்து ஆப்பிள், அது பக்கத்து ஆப்பிளைத் தொட்டுப் பேரிக்காய், பிறகு பீச், பிறகு அன்னாசி. ஒரே பழத்தில் 15 + 21 + 28 + 36, ஆக 100 மதிப்பெண். சேரும் பழம் இரண்டுக்கும் நடுவில்தான் தோன்றும் என்பதை நினைவில் வையுங்கள். இடப்பக்கமாக விடச் சொன்னது அதனால்தான். வலப்பக்கம் விழுந்தால் புதிய ஆப்பிள் சுவரோரம் பிறந்து, பழைய ஆப்பிளைத் தொடாமல் நின்றுவிடலாம்.

இந்தச் சங்கிலிக்காக அளவுக்கு மீறிக் காத்திருக்கவும் கூடாது. பெர்சிமன் வரட்டும் என்று திராட்சையையும் ஸ்ட்ராபெர்ரியையும் அதன்மேல் கொட்டிக்கொண்டிருந்தால், பெர்சிமன் வரும்போது வழி மூடியிருக்கும். மேலே காட்டப்படும் அடுத்த பழத்தைப் பார்த்து முடிவெடுங்கள். அடுத்து வருவதற்கு இடம் வைத்துவிட்டு, கையில் இருப்பதை விடுவதுதான் ஒழுங்கு. கையில் டெகோபான், அடுத்ததும் டெகோபான் என்றால் முதலாவதை எங்கே வைத்தாலும் இரண்டாவது அதை நேராகத் தொடும்படி மேல்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

விழவிடும் விதத்திலும் கவனம் தேவை. முந்தைய பழம் உருண்டு முழுதாக நின்ற பிறகே அடுத்ததை விடுங்கள். உருளும்போதே விட்டால், அது ஓரிடத்தை நோக்கி விழும்போது அந்த இடமே நகர்ந்திருக்கும். ஃபோனில் இன்னொரு தொல்லை: விரலைத் தூக்கும் கணத்தில் பழம் ஒரு நூலளவு நகரும். செர்ரிக்கு அந்த நூலளவே போதும், வேறு பள்ளத்துக்குப் போய்விடும். விரலைப் பழத்தின் மேல் வைக்காமல் திரையின் அடிப்பகுதியில் வைத்து நகர்த்தினால் பழமும் மறையாது, தூக்கும்போது தடுமாற்றமும் குறையும்.

செர்ரி ஏற்கெனவே சிக்கிவிட்டதா? பக்கத்தில் இருக்கும் பெரிய பழங்களில் ஒன்றைச் சேர்த்துவிடப் பாருங்கள். சேரும்போது பழைய இரண்டும் மறைந்து புதியது நடுவில் தோன்றுவதால், கணநேரம் இடுக்கு திறந்து செர்ரி மேலே துள்ளி வர வாய்ப்பு உண்டு. சுவர் மூலையில், பெரிய பழத்துக்கு அடியில் ஒற்றைச் செர்ரி கிடந்தால் விட்டுவிடலாம். அது எதையும் பிரிக்கவில்லை.

முதல் தர்பூசணி வந்ததும் நிம்மதி அடைவது இயல்பு. ஆனால் சிரமமான கட்டம் அங்கேதான் தொடங்குகிறது. அது பெட்டியில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். மிச்ச இடத்தில் முலாம்பழம், அன்னாசி, பீச் என்று முழு வரிசையையும் மறுபடி கட்ட வேண்டும். இந்தக் கட்டத்தில் சின்னப் பழங்களை உடனுக்குடன் சேருங்கள், சங்கிலி ஆசையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பலர் இலக்காக வைத்துக்கொள்ளும் 3000 மதிப்பெண்ணுக்கு ஒரு தர்பூசணி மட்டும் போதாது. இரண்டாவதை நோக்கிப் போயிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து மறைந்தால் கிடைக்கும் 66-ஐவிடக் காலியாகும் இடம்தான் பெரிய பரிசு.

குவியல் பெட்டியின் வாயை நெருங்கிவிட்டால் வரிசையை மறந்துவிட்டு ஆகத் தாழ்வான பள்ளத்தைத் தேடுங்கள். வாய்க்கு நேர் கீழே பெரிய பழங்களைச் சேர்ப்பது ஆபத்து. சேர்ந்து உருவாவது பொதுவாக இரண்டின் மொத்த இடத்தைவிடக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும்; ஆனால் தோன்றும் வேகத்தில் பக்கத்துப் பழங்களை உதைக்கும். ஓரத்தில் இருக்கும் திராட்சை ஒன்று எகிறி வெளியே விழுந்தால் அத்தோடு சரி. சேர்க்கத்தான் வேண்டுமென்றால் பள்ளத்தின் அடியில் இருக்கும் ஜோடியை முதலில் சேருங்கள். மேலே உள்ளவை தானாகக் கீழிறங்கும்.

ஆப் ஸ்டோர்களில் இதே மாதிரியான நகல்கள் குவிந்து கிடக்கின்றன. சிலவற்றில் பழ வரிசையே மாறியிருக்கும். சிலவற்றில் பெட்டியைக் குலுக்கலாம், விளம்பரம் பார்த்தால் ஆட்டம் தொடரும். பழம் துள்ளும் அளவும் ஆப்புக்கு ஆப் வேறு. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தப்பும். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே விளையாடுங்கள். புதிதாக ஒன்றை இறக்கினால் முதல் ஆட்டத்தில் மதிப்பெண்ணைப் பார்க்காமல், ஒரு பெர்சிமனைச் சுவரோரம் விட்டு எவ்வளவு தூரம் உருள்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.