உங்கள் எயார் ரைபிளுக்கு எந்தச் சன்னம்? சோதித்துப் பார்க்கும் முறை

பாடசாலைச் சுடுதல் அணியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தச் சன்னம் நல்லது சேர்?" விலை கூடிய டின்னைக் காட்டிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. ஆனால் இதற்குக் குழல்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரே கம்பனியின் ஒரே மாதிரி ரைபிள்கள் இரண்டுக்குக்கூட ஒரே சன்னம் ஒத்துவராமல் போகலாம்.

10 மீற்றர் போட்டிக்குப் பாவிப்பது 4.5 மி.மீ. தட்டைத்தலை ஈயச் சன்னம். ஒன்றின் நிறை ஏறக்குறைய 0.53 கிராம். டின்னில் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டம் போட்டிருக்கும். நூறில் ஒரு மில்லிமீற்றர்தானே என்று தள்ளிவிடாதீர்கள். கழகத்தில் ஆளுக்கொரு வகை வாங்கிப் பங்குபோட்டால் செலவு குறையும்.

1. சுடுதளத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். குழல்வாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்கட்டும்.

2. அழுத்தக் காற்று ரைபிள் என்றால் மேசையில் மணல் பை வைத்து அதன்மேல் கிடத்துங்கள். கிளாம்ப் இருந்தால் இன்னும் நல்லது. ஸ்பிரிங் ரைபிளை மட்டும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அது சுடும்போது உதறும். அந்த உதறலுக்கு இடம்கொடுத்து மெதுவாகத் தாங்கிக்கொள்ளுங்கள்.

3. பாவாடை போன்ற பின்பக்கம் நசுங்கிய சன்னங்களைப் பொறுக்கி ஒதுக்குங்கள்.

4. வகை மாற்றும்போதெல்லாம் முதல் பத்து வெடியைக் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய சன்னத்தின் ஈயப்பூச்சு குழலில் இருக்கும். புதியது படிய வேண்டும். அவசரக்காரர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

5. பிறகு புதிய அட்டையில் ஐந்து வெடி, இன்னோர் அட்டையில் ஐந்து. மூன்று வெடி நெருங்கி விழுந்ததும் துள்ளாதீர்கள், அது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். நடுவில் விழவில்லை என்று சைட்டை (குறிபார்க்கும் பாகத்தை) திருகவும் வேண்டாம். இப்போது பார்ப்பது எத்தனை புள்ளி என்பதை அல்ல, துளைக் கூட்டத்தின் நெருக்கத்தை.

6. மிகத் தூரமான இரண்டு துளைகளின் வெளி ஓரங்களுக்கு இடையை வேணியர் இடுக்கிமானியால் அளந்து, 4.5ஐக் கழியுங்கள். அதுதான் கூட்டத்தின் அளவு.

எவ்வளவு இருந்தால் போதும்? அட்டையின் நடுவில் உள்ள பத்தாம் வளையம் அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள புள்ளி. சன்னத்தின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து. அதாவது சன்னத்தின் நடு, புள்ளியின் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழ வேண்டும். ஆகவே மேசையில் வைத்தே 5 மி.மீ. தாண்டும் வகையைக் கையில் பிடித்துச் சுட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டு வகை கிட்டத்தட்டச் சமமாக வந்தால் மலிவானதை எடுங்கள், அதில் வெட்கமில்லை.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்று மெலிது, அதனால் கொழும்புச் சன்னம் இங்கே சரிவராது என்று சிலர் சொல்வார்கள். 10 மீற்றர் தூரத்துக்கு அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. குளிர் வேறு விடயம். பழைய காபனீரொட்சைட்டு ரைபிள்களில், ஜனவரி விடியற்காலைக் குளிரில் வாயு அழுத்தம் இறங்கும், வெடியும் கீழே விழும். வெயில் ஏறியபின் சோதியுங்கள்.

முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் பணிஸைத் தொடாதீர்கள், ஈயம் நஞ்சு. தேறிய டின்னின் தொகுதி இலக்கத்தை எழுதிவைத்து, அதே இலக்கத்தில் பருவத்துக்குத் தேவையானதைச் சேர்த்து வாங்குங்கள். இலக்கம் மாறினால், பெயர் அதுவே என்றாலும், மறுபடி 4ஆம் படியிலிருந்து.