சட்டத்தரணியோடு பங்கு சேர முதல்

உங்கள் வழக்கைப் பார்க்கிற சட்டத்தரணியே "சேர்ந்து ஒரு விடுதி போடுவம்" என்று கேட்டால், ஒப்பந்த வரைவை அவரோடு தொடர்பில்லாத இன்னொரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுக் கையொப்பம் வையுங்கள். அந்த இரண்டாமவரின் கட்டணத்தை நீங்களே கட்டி, அவர் உங்களுக்கு விளக்கம் தந்ததாகத் திகதியிட்ட கடிதமும் வாங்குங்கள். இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 111ஆம் பிரிவுப்படி, கட்சிக்காரரோடான கொடுக்கல் வாங்கல் நேர்மையானது என்பதைச் சட்டத்தரணிதான் நிரூபிக்க வேண்டும். அதனால் அந்தக் கடிதம் நேர்மையான சட்டத்தரணிக்கும் காப்பு.

விலகினால் காசு எப்படித் திரும்பும், பிணக்கு வந்தால் உங்கள் பழைய வழக்குக் கோவை யாரிடம் போகும் என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். காணி சம்பந்தப்பட்டால் உறுதியை வேறு நொத்தாரிசு முடிக்கட்டும்.

உங்கள் சட்டத்தரணியின் கடையில் எல்லாருக்கும் உள்ள விலைக்குச் சாமான் வாங்க இதொன்றும் தேவையில்லை.